விசா வரும்வரை இந்தப் பல்லைத் தொடாதீங்க

மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். பல் டாக்டர் தொழிலில் வெளியே போகும்போதுதான் சிரிப்பார், அதுவும் பாதி உதட்டால். செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில், மெட்ரோ தூணுக்கு எதிரே, ஒரு மாடியில் சின்ன கிளினிக் வைத்துக்கொண்டு நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாதிச் சிரிப்பில்தான் காலத்தை ஓட்டுகிறேன். அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். "எம் மக டாக்டரு" என்று குவார்ட்டர்ஸ் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

வாசகர்களே, உங்களுக்கும் பல் இருக்கிறது. அதனால் உங்களையும் என் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் சாய்ந்ததும் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மா என்ன செய்யப்போகிறாளோ" என்று நடுங்குகிறீர்களே, அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களைவிட எனக்குத்தான் பயம் அதிகம். கையுறை போட்டிருப்பதால் உள்ளங்கை வேர்ப்பது உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

குக்கர், கண்ணாடி, பல்

எங்கள் ஊருக்கு வெயில், மழை, குளிர் போதாதென்று நாலாவதாக ஒரு பருவம் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பருவம். ஜூன் கடைசியில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் முடிகிறவரை என் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. அங்கே பல்லுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று முன்னால் போனவர்கள் எல்லாம் போனில் சொல்லிச் சொல்லி, பிரஷர் குக்கருக்கு அடுத்தபடியாகப் பல்லையும் சாமான் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளை தனியாக வரமாட்டான். அம்மா, அப்பா, சமயத்தில் சித்தப்பாவும் வருவார்.

சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து இங்கே வீடு வாங்கியிருக்கிற ஒரு குடும்பம் அப்படித்தான் வந்தது. பையனுக்கு இருபத்திரண்டு வயது, தாடி வேறு. "எங்கப்பா வலிக்குது?" என்று அவனைத்தான் கேட்டேன். "மேல, வலது பக்கம் டாக்டர்" என்றார் அப்பா. "ஐயோ, இடது பக்கம்ங்க" என்றார் அம்மா. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இருடா, டாக்டர் பாக்கட்டும்" என்று இருவரும் சேர்ந்து அடக்கினார்கள். பார்த்தேன். வலதும் இல்லை, இடதும் இல்லை; முன்னால் கீழே இரண்டு பல்லில் சொத்தை. அடைத்துவிடலாம் என்றேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கைபேசியில் வைத்திருந்த பட்டியலில் ஒரு வரியை அழித்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணாடி ரெண்டு, குக்கர் ரெண்டு வாங்கியாச்சு. கோர்ஸும் ரெண்டு வருஷம்தான் டாக்டர். பல்லையும் ரெண்டு வருஷம் தாங்கற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

மூஞ்சி மாறக் கூடாது

இந்த வருஷத்துச் சீசன் எனக்கு மே மாசமே ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்து வைத்தது ஜோயலின் கடைவாய்ப்பல். குஷாய்குடா பக்கம் இருக்கிற அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தங்கராஜ் அண்ணன் வேலை பார்க்கிறார். அவரும் அவர் சம்சாரம் பியூலாக்காவும் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்கள். பூர்வீகம் திருநெல்வேலி, பியூலாக்கா வாயைத் திறந்தால் இன்றைக்கும் பாளையங்கோட்டைதான். ஒரே பையன் ஜோயல். தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ வரும். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். பயந்துபோய் இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ்வாய் ஞானப்பல், எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. பாதி வெளியே, பாதி ஈறுக்கு அடியில். அந்த ஈறு மடிப்பில் சோறும் சாம்பாரும் புகுந்து சீழ் கட்டியிருந்தது. வேர் போய்த் தொடுகிற இடத்தில்தான் கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிறது. சுத்தம் பண்ணி, மாத்திரை எழுதிக் கொடுத்து, "சீழ் அடங்கினதும் ஒரு வாரத்தில் இதை எடுத்தே ஆகணும். விட்டால் திரும்பத் திரும்ப வீங்கும், ஒரு தடவை கீழே கழுத்துப் பக்கம் இறங்கிவிட்டால் ஆபத்து" என்றேன்.

பியூலாக்கா எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. அவருக்கு வேறு கணக்கு. அடுத்த மாசம் விசா இன்டர்வியூ. பல்லைப் பிடுங்கினால் கன்னம் வீங்கும். வீங்கினால் பாஸ்போர்ட் படத்துக்கும் ஆளுக்கும் பொருந்தாது. பேச்சு குழறினால் இங்கிலீஷ் தெரியாதவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. விசா முத்திரை விழுகிறதுக்கு முன்னால் பயணத்துக்கு என்று எதையும் தொடக் கூடாது. தொட்டால் வராது. எதிர்வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே பெரிய பெட்டி வாங்கினார்களாம், விசா மறுத்துவிட்டார்களாம், அந்தப் பெட்டியில் இப்போது பழைய போர்வை கிடக்கிறதாம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. அதனால்தான் எல்லோரும் என் தலையில் கடைசி வாரத்தில் வந்து விழுகிறார்கள். நான் விடாமல் கத்திப் பார்த்தேன். வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்றேன், பல்லுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். ஜோயல் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பியூலாக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்:

"முதல்ல அந்த ஆபீசர் இவன் மூஞ்சியப் பாக்கட்டும் டாக்டர். விசா வர்ற வரைக்கும் இந்தப் பல்லத் தொடாதீங்க, அதுக்கப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடுங்க."

வலிக்காத நாலு பல்

எடுக்க வேண்டிய பல்லை எடுக்கவிட மாட்டார்கள்; எடுக்கக் கூடாததை எடுத்தே ஆக வேண்டும் என்று வந்து நிற்பார்கள். கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருத்தர், ஜெர்மனிக்குப் போகிற மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாலு ஞானப்பல்லையும் எடுத்துவிடச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததாம். பார்த்தேன். நாலும் நேராக, அழகாக, சிப்பாய் மாதிரி நிற்கிறது. "நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்குகிற பாவத்தை நான் செய்ய மாட்டேன்" என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லிவிட்டேன்.

அந்தம்மா சண்டை போடவில்லை. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. காதணியைத் திருகிக்கொண்டே இருந்தார். "இப்ப வலிக்கலீங்க, எனக்கும் தெரியுதுங்க" என்றார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை:

"இங்க வலிச்சா நான் இருக்கேனுங்க. அங்க வலிச்சா இவ போன்ல நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாளுங்க."

உதடு விழித்துக்கொள்ளவில்லை

ஜோயலின் பல் ஏன் என்னை அப்படி மிரட்டியது என்று கேட்பீர்கள். அதுக்கு முந்தின வருஷச் சீசனில்தான் ஒரு கண்டத்திலிருந்து தப்பியிருந்தேன். செகந்திராபாத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பம். பையன் கனடா போகிறான். நரம்புக்குப் பக்கத்தில் ஒரு பல்லை எடுத்தேன். மரத்துப்போக ஊசி போட்டால் சாயங்காலத்துக்குள் உதடு உயிர் பெற்றுவிடும். மறுநாள் காலையில் போன் பண்ணினால், இன்னும் உதடு மரத்தே கிடக்கிறது என்கிறார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. நரம்பைத் தொட்டுத் தொலைத்தேனா? அந்தப் பையன் ஆயுசு முழுக்க எச்சில் வழிவது தெரியாமல் கனடாவில் நடப்பானா? மத்தியானமும் போன் பண்ணினேன். "நக்கோ பயப்படுங்க டாக்டர், நல்லாத் தூங்குறான்" என்று, 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் வார்த்தையைப் போட்டு, அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பையன் மிர்ச்சி பஜ்ஜி சாப்பிடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டானாம். ரத்தமாம். குதிக்கிறானாம். "வலிக்குதா? நிஜமாவே வலிக்குதா?" என்று கத்தினேன். "ஹவ் டாக்டர், ஆமா, துடிக்கிறான்!" என்றார். "ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று போனை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். என் உதவியாளர் யாதம்மா, என்னிடம் பத்து வருஷமாக இருந்து தமிழ் கற்றுக்கொண்டவள், பஞ்சை டப்பாவில் அடுக்கிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்:

"பேஷண்ட்டுக்கு வலிக்குதுன்னு சாமி கும்பிடுற டாக்டர இங்கதான் பாக்குறேன் மேடம்."

எல்லா வீட்டிலும் பிரியாணி

ஜோயலுக்கு விசா கிடைத்துவிட்டது. பியூலாக்கா இனிப்பு டப்பாவோடு படியேறி வந்தார். கூடவே பல் வரும் என்று எதிர்பார்த்தேன். இனிப்பு மட்டும்தான் வந்தது. "எங்கே ஜோயல்?" என்றேன். வலியெல்லாம் போய்விட்டதாம். நல்லாச் சாப்பிடுகிறானாம். புறப்படுகிறதுக்குள் நேரம் பார்த்து அழைத்து வருகிறாராம். "போய்விட்டதை நீங்க எப்படிச் சொல்றீங்க? பல்லு உங்க வாயிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு நாக்கில் சனி. பியூலாக்கா சிரித்தார், இனிப்பை எடுத்துக்கச் சொன்னார், போய்விட்டார்.

அதற்கப்புறம் அவன் பெயருக்கு நேரம் ஒதுக்குவதும், அவர்கள் வராததுமாகவே நாள் ஓடியது. விருந்து. எல்லாச் சொந்தக்காரர் வீட்டிலும் விருந்து. ஸ்வெட்டர் வாங்கப் போனார்கள், மளிகைப் பொடி அரைக்கப் போனார்கள், ஊறுகாயை ஒழுகாமல் கட்டித் தருகிற கடைக்குப் போனார்கள். ஒருநாள் அவனையே போனில் கொடுக்கச் சொன்னேன். "ஐ'ம் ஃபைன் ஆன்ட்டி" என்றான். அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி பியூலாக்காவே போனை வாங்கிக்கொண்டார்:

"அவனுக்கு நேரமே இல்ல டாக்டர். வீட்ல ஒரு வாய் சோறு திங்க ஆளக் காணும், போற வீட்லயெல்லாம் பிரியாணி!"

ஐஸ்கிரீம் மட்டும்

சர்ச்சில் வருஷா வருஷம் வெளிநாடு போகிற பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிறுத்தி ஜெபம் பண்ணுவோம். ஆராதனை முடிந்து சாப்பாடு. எல்லாப் பிள்ளைகளும் கோழிக்காலைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்க, ஜோயல் ஒரு ஓரத்தில் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றான். கரண்டியை வாயின் இடது ஓரத்தில் மட்டும் நுழைத்து எடுக்கிறான். பல் டாக்டரின் கண்ணுக்கு அது தப்புமா? கும்பலை விலக்கிக்கொண்டு போனேன். கன்னத்தைத் தொடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டு தெரிந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தின்கிற வலி மாத்திரை.

"எத்தனை போடுற ஒரு நாளைக்கு?" என்றேன். அட்டையைப் பைக்குள் தள்ளினான். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றேன். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. என் ஊசிக்குப் பயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாகக் கிளினிக்குக்கு வந்தே ஆகணும், வராவிட்டால் நானே வீட்டுக்கு வந்து தூக்கிக்கொண்டு போவேன் என்று மிரட்டினேன். அவனுக்குப் புதன்கிழமை விடியற்காலை ஃப்ளைட். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான்:

"ப்ளீஸ் ஆன்ட்டி, அம்மக்கு செப்பொத்து."

கொழுக்கட்டைப் பேச்சு

திங்கட்கிழமை அவன் வந்தான். நான் சொன்னதற்காக அல்ல. வராமல் இருக்க முடியவில்லை. தங்கராஜ் அண்ணன் ஒரு பக்கம், பியூலாக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும், கழுத்தை நோக்கி வீங்கி, பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. வாய் திறக்கவில்லை, என் ஒரு விரல்கூட நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்த இடைவெளியில் நாக்கு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். பேசினால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

படிக்கிற காலத்தில் இப்படி வந்த ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் நடந்து வந்தார். நடந்து திரும்பிப் போகவில்லை. இந்த வீக்கம் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். இதை இப்படியே விமானத்தில் ஏற்றினால் நடுவானத்தில் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஃப்ளைட்டை மறந்துடுங்க" என்றேன். அவ்வளவுதான், இருவரும் பிடித்துக்கொண்டார்கள். பவரான ஊசி ஒன்று போடுங்கள் என்றார் அண்ணன். இங்கேயே பிடுங்கிவிடுங்கள், நாளைக்கு ரெஸ்ட் எடுத்துவிட்டுப் புறப்படட்டும் என்றார் பியூலாக்கா. காலேஜில் சேர வேண்டிய கடைசித் தேதி போனால் ஒரு வருஷம் போச்சு, விசாவும் போச்சு என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். "உங்க பையனுக்கு மூச்சு நிக்கப் போகுது! புரியுதா இல்லையா?" என்று நான் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜோயல் என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல இறுக்கமான பிடி. யாதம்மா கேட்காமலேயே என் கார் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். என்னோடு படித்த ரியாஸ் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வாய் அறுவை சிகிச்சை டாக்டர். என் சகவாசத்தில் பாதித் தமிழ் பேசுவான். அவனுக்குப் போன் போட்டு நான் விவரம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே வெட்டினான்:

"பேச்சு நக்கோ. வண்டியில போட்டு எடுத்துக்கிட்டு வா."

வராந்தா

தார்நாகா சிக்னலில் சிவப்பு விழுந்தபோது நான் நிற்கவில்லை. அதைத் தவிர அந்தப் பயணத்தில் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பின் சீட்டிலிருந்து வந்த மூச்சுச் சத்தம் மட்டும் ஞாபகமிருக்கிறது. அது நிற்காமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ரியாஸ் பார்த்த உடனே உள்ளே எடுத்துக்கொண்டான். வாய் திறக்காததால் மூக்கு வழியாகக் குழாய் விடப் பார்ப்போம், போகவில்லை என்றால் கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று அவன் சொன்னபோது, தங்கராஜ் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் மூன்று பேர். நான் ஜெபம் பண்ண முயற்சி பண்ணினேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மயக்க மருந்து கொடுக்கும்போதே மூச்சு அடைத்துக்கொள்வது உண்டு என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு தண்டனை வேறு இல்லை. பியூலாக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று தெரிந்தது, திட்டட்டும் என்றுதான் இருந்தேன்:

"மே மாசமே இந்த மூஞ்சிய எங்களுக்குக் காட்டியிருந்தா என்ன டாக்டர்? அன்னிக்கே எங்களப் பயமுறுத்தித் தொலச்சிருக்கக் கூடாதா?"

புதன்கிழமை

குழாய் போனது. சீழை வெளியே எடுத்தார்கள், அந்தப் பல்லையும் எடுத்தார்கள். ரியாஸ் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, இனிப் பயமில்லை என்று கையைக் காட்டினான். அன்றைக்கும் மறுநாளும் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலையில் நான் போனபோது குழாயை எடுத்திருந்தார்கள். அவனுடைய ஃப்ளைட் புறப்பட்டுப் போய்விட்டிருந்தது. தங்கராஜ் அண்ணன் காலேஜுக்கு மெயில் அனுப்பி, ஆஸ்பத்திரி சான்றிதழ் கொடுத்தால் கொஞ்சம் தாமதமாகச் சேரலாம் என்று பதில் வாங்கியிருந்தார். ஆனால் அதை மகனிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கண் விழித்து ஃப்ளைட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்றே இருவரும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் கேட்டான். கரகரவென்ற தொண்டையில், "ஃப்ளைட்?" என்றான். பியூலாக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "போயிட்டுய்யா. மன்னிச்சுக்கோ ராசா, எல்லாம் என்னாலதான். அடுத்த ஃப்ளைட்ல அனுப்பிடுதேன், கவலப்படாத" என்று என்னென்னவோ சொன்னார். அவன் முகத்தில் கவலையைக் காணோம். தலையணையில் தலையைச் சாய்த்து, பெருமூச்சு விட்டான். மே மாசத்திலிருந்து பார்க்கிறேன், அவன் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருக்கலாம்ல?" என்று தெலுங்கில் கேட்டான். பியூலாக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது. "பல்லுக்கு அம்புட்டுப் பயமாய்யா? டாக்டர்கிட்ட வர்றதுக்கா பயந்த?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அதுவரை இங்கிலீஷிலும் தெலுங்கிலுமே பேசியவன், அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னான்:

"பல்லுக்கு இல்லம்மா. போறதுக்குத்தான் பயம். பல்லு வலிச்சுட்டே இருந்தா போறத நினைக்க வேணாம்ல."

தையல் பிரித்த அன்று

தையல் பிரிக்க அவன் என் கிளினிக்குக்குத்தான் வந்தான். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது, அந்த வாரக் கடைசியில் பயணம். பியூலாக்கா கூட வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை; கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கால் கடிக்க முடிகிறதா என்று கேட்டேன், முடிகிறது என்றான். எச்சில் துப்பச் சொன்னேன், துப்பினான். கருவியைக் கீழே வைத்துவிட்டு, பல்லைத் தவிர வேறு எதையும் யாரிடமும் விசாரித்துப் பழக்கமில்லாத நான், "இப்போ எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். யாதம்மா பஞ்சு எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவன் வாயின் இரண்டு ஓரமும் தூக்கிக்கொள்ள, முழுசாகச் சிரித்தான்:

"இன்னும் பயமாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா சொல்லிட்டேன்ல, இப்ப சாப்பாடு இறங்குது."

"வலிக்குமா?" என்று என்னிடம் கேட்காத தாய் தகப்பன் இந்த ஊரில் கிடையாது, "உனக்கு வலிக்குதா?" என்று பிள்ளையிடமே கேட்டவர்கள் ஒரு சிலர்தான், அவர்களும் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் போய்த் திரும்பியவர்களாகத்தான் இருக்கிறார்கள்.